ஏணியும் நாட்காட்டியும்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பாடக்குறிப்பின் வரலாறு

பாடக்குறிப்பு என்பது, ஒரு பாடத்தை எந்த வரிசையில், எந்தத் துணைப்பொருளைக் கொண்டு, எவ்வளவு நேரத்தில் கற்பிப்பது என்று ஆசிரியர் வகுப்புக்குச் செல்லும் முன்பே எழுதிவைத்துக்கொள்ளும் திட்டமாகும். தமிழகப் பள்ளிகளில் இதனை எழுதுவது ஆசிரியரின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாக நெடுங்காலமாக இருந்துவருகிறது. தலைமையாசிரியர் கையொப்பமிடுவதும், ஆய்வுக்கு வரும் அலுவலர் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் இந்தக் குறிப்பேட்டைத்தான். ஆயினும் ஆண்டிறுதியில் அது கட்டிவைக்கப்பட்டு, அடுத்த ஜூன் மாதத்தில் அதே பாடத்துக்கு அதே ஆசிரியர் புதிய குறிப்பேட்டில் முதலிலிருந்து எழுதத் தொடங்குவதே பரவலான வழக்கம். ஓர் ஆண்டின் கற்பித்தல் அனுபவம் அடுத்த ஆண்டுக்குக் கைமாறாமல் போவதற்கு ஆசிரியரின் அசட்டையைக் காரணமாகச் சொல்வது நியாயமன்று. குறிப்பு எதனை அடிப்படையாகக் கொண்டு அடுக்கப்படுகிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது. தேதியை ஒட்டி அடுக்கிய திட்டம் அந்தத் தேதி கடந்ததும் காலாவதியாகிவிடுகிறது. குழந்தை ஏறவேண்டிய படியை ஒட்டி அடுக்கிய திட்டமோ, அந்தப் படிக்கு எந்தக் குழந்தை எப்போது வந்து சேர்ந்தாலும் பயன்படுகிறது.

இந்த இரண்டு முறைகளும் ஒன்றையொன்று மாற்றி வந்த வரலாற்றைக் கள்ளக்குறிச்சிச் சமவெளியையும் அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது தெளிவாகக் காணலாம். இவ்வட்டாரம் 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்து தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1993இல் அம்மாவட்டம் பிரிந்தபோது விழுப்புரத்தோடு சேர்ந்து, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி எனும் தனி மாவட்டமாயிற்று. மலையின் வரலாறு வேறு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் அங்கமான கல்வராயனில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் வழங்கும் மரபுக்கதை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் எனும் தலைவர்களின் வழியினர் மலைக்கிராமங்களை ஜாகீர்களாக, அதாவது நிலவரியையும் நிர்வாகத்தையும் பரம்பரை உரிமையாகக் கொண்ட தனி ஆட்சிப் பகுதிகளாக, 1976 வரை வைத்திருந்தனர். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்தே அரசின் நேரடி நிர்வாகம் இம்மலைக்கு முழுமையாக வந்தது என்பதால், சமவெளியில் நூறாண்டுக்கு மேலாக வேரூன்றியிருந்த பள்ளி முறை மலையில் ஒரு தலைமுறைக்குள் நிலைகொள்ள வேண்டியிருந்தது.

சமவெளியின் பழைய பள்ளி திண்ணைப் பள்ளி. ஊர்ப் பெரியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, சத்திரத்திலோ ஓர் ஆசிரியர் நடத்திய இப்பள்ளியில் இன்றுள்ளதைப் போல வயதுவாரியான வகுப்புகள் இல்லை. மணலில் விரல் வைத்து எழுதும் பிள்ளையும், ஓலையில் எழுத்தாணி பிடிக்கத் தொடங்கிய பிள்ளையும், எண்சுவடியை முடித்துவிட்டு நிகண்டு மனப்பாடம் செய்யும் பிள்ளையும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் இருந்து தத்தம் வேகத்தில் முன்னேறினர். ஆசிரியர் அந்தந்தப் பிள்ளைக்கு அடுத்த பாடத்தை ஓலையில் எழுதிக் கொடுக்க, பிள்ளை அதைப் பார்த்து எழுதி, உரக்கச் சொல்லி, மனத்தில் பதித்த பிறகே அடுத்த ஓலை சேர்ந்தது. அவ்வாறு சேர்ந்த ஓலைகள் கோக்கப்பட்டு ஒரு சுவடியானபோது, அந்தச் சுவடியே பிள்ளையின் பாடநூலாகவும், அவன் எதுவரை வந்திருக்கிறான் என்பதற்கான பதிவாகவும் இருந்தது. உ.வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் விவரிக்கும் பள்ளிகளும் ஏறத்தாழ இவ்வகையினவே.

எண்சுவடியின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். முழு எண்களின் பெருக்கல் வாய்பாட்டோடு நிற்காமல், 320இல் ஒரு பங்கான முந்திரி, 160இல் ஒரு பங்கான அரைக்காணி, 80இல் ஒரு பங்கான காணி, 20இல் ஒரு பங்கான மா, பிறகு கால், அரை, முக்கால் என்று நுண்ணிய பின்னங்களின் பெருக்கமும் அதில் அடங்கும். நெல்லிலக்கம் எனும் பகுதி தானிய அளவைகளையும், குழிமாற்று எனும் பகுதி நிலத்தின் பரப்பைக் கணிக்கும் முறையையும் கற்பித்தன. ஒவ்வொன்றும் முந்தையதன்மேல் ஏறி நின்றதால் இடையில் ஒரு படியைத் தாண்டிவிட முடியாது. அதே வேளையில் எந்தப் படிக்கும் தேதி கிடையாது. அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போன பையன் திரும்பி வந்து, விட்ட ஓலையிலிருந்து தொடர்ந்தான். சுவடி சிதைந்தால் படியெடுக்கப்பட்டது. அண்ணனின் சுவடி தம்பிக்குப் பயன்பட்டது. மனப்பாடச் சுமையும், பிரம்படியும், சாதியாலும் பாலாலும் பெரும்பாலோரை வெளியே நிறுத்திய வழக்கமும் இப்பள்ளிகளின் மறுக்கவியலாத குறைகள். அவற்றை மறைத்துத் திண்ணையைப் போற்றுவது வரலாறாகாது. ஆனால் பாடத்திட்டத்தைச் சேமித்து மறுபடியும் பயன்படுத்துவதில் இப்பள்ளிகள் கண்டிருந்த தீர்வு, பின்னால் வந்த முறைகள் நெடுங்காலம் இழந்திருந்த ஒன்று.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடமிருந்து பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். 1826 மார்ச்சில் அவர் தொகுத்தெழுதிய குறிப்பில், மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர் என்று காணப்படுகிறது. அதே குறிப்பில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு செய்தியும் உண்டு: சென்னை நகரில் மட்டும் 26,963 பேர் வீட்டிலேயே கற்றுவந்தனர் என்றும், அது அந்நகரின் பள்ளிகளில் படித்தோரைவிட ஐந்து மடங்குக்கும் மேல் என்றும் ஆட்சியர் தெரிவித்திருந்தார். அந்த எண்ணிக்கையில் பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே ஐயுற்றார். எனினும் உறவினரோ தனி ஆசிரியரோ வீட்டில் கற்பிப்பது பரவலான வழக்கம் என்பதில் அவருக்கு ஐயமில்லை. வீட்டுக்கல்வி மேற்கிலிருந்து அண்மையில் வந்த புதுமை என்று கருதுவோருக்கு இந்தக் குறிப்பு போதுமான விடை. வீட்டில் கற்பித்தவரும் திண்ணையில் கற்பித்தவரும் ஒரே சுவடி வரிசையைப் பின்பற்ற முடிந்தமையால், வீட்டிலிருந்து பள்ளிக்கும் பள்ளியிலிருந்து வீட்டுக்கும் பிள்ளை தடையின்றிப் போய்வர முடிந்தது.

திண்ணை முறையின் ஒரு கூறு கடல் கடந்து சென்றதும் இங்கே குறிப்பிடத்தக்கது. எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதையும் மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் தம் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு, 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. சட்டாம்பிள்ளை எனும் மாணவத் தலைவனின் பணி அவ்வாறு உலக வழக்காயிற்று; சுவடியின் படிவரிசை அந்தப் பயணத்தில் சேரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசு மானியம் பெறும் பள்ளிகள் பெருகின. 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பிறகு கல்வித் துறை அமைந்து, 1856இல் சென்னையில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கி, தேர்வில் மாணவர் பெறும் தேர்ச்சிக்கேற்ப மானியம் தரும் முறையும் நடைமுறைக்கு வந்தபோது, பள்ளியின் மையம் பிள்ளையிடமிருந்து ஆய்வாளரிடம் நகர்ந்தது. ஆய்வாளர் வரும் நாளில் நான்காம் வகுப்பு முழுவதும் ஒரே பாடத்தில் நிற்கவேண்டும். அதற்கு ஆண்டு முழுவதும் வாரங்களாகப் பிரிக்கப்பட்ட திட்டம் வேண்டும். இதனோடு ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் வழிவந்தவர்கள் வகுத்த ஐந்து படிகளும் பயிற்சிப் பள்ளிகள் வாயிலாக வந்து சேர்ந்தன: மாணவரை ஆயத்தப்படுத்தல், புதிய பொருளை எடுத்துரைத்தல், தெரிந்ததோடு ஒப்பிடல், பொதுமையாக்கல், பயன்படுத்தல். நல்ல நோக்கத்தோடு உருவான இந்த ஐந்தும், தேதியும் வகுப்பும் பாடவேளையும் தலைப்பில் எழுதிய கட்டங்களுக்குள் அடைக்கப்பட்டபோது, இன்றும் ஆசிரியர்கள் 'நோட்ஸ் ஆஃப் லெசன்' என்று சொல்லும் பாடக்குறிப்பாயின. திண்ணைச் சுவடி பிள்ளையின் கையில் இருந்தது. பாடக்குறிப்பு ஆய்வாளரின் பார்வைக்காக ஆசிரியரின் மேசையில் இருந்தது.

இத்தகைய திட்டம் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் நகரப் பள்ளியில் ஓரளவு பொருந்தும். மலைக்கு அது பொருந்தவில்லை. கல்வராயனில் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு போன்ற பெரிய ஊர்கள் நீங்கலாக, சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடக்கின்றன. அதனால் ஓராசிரியர் பள்ளியும் ஈராசிரியர் பள்ளியுமே இயல்பாக அமைந்தன. ஐந்து வகுப்புகளை ஒருவரே ஒரே அறையில் நடத்துவதைப் பல்வகுப்புக் கற்பித்தல் என்பர். விதிப்படி அவர் ஐந்து வகுப்புகளுக்கும் எல்லாப் பாடங்களுக்கும் தனித்தனிக் குறிப்பு எழுதவேண்டும். எழுதினாலும், ஒரு வகுப்புக்குப் பாடம் சொல்லும்போது நான்கு வகுப்புகள் வெறுமனே அமர்ந்திருக்கும். சாமை விதைப்பு, மரவள்ளி அறுவடை, பெற்றோர் கூலி வேலை தேடிக் கேரளத்துக்கும் குடகுக்கும் செல்லும் மாதங்கள் என்று மலைக்கு வேறொரு நாட்காட்டி உண்டு. மூன்று மாதம் பெற்றோருடன் போய்விட்டுத் திரும்பும் குழந்தைக்கு, அது இல்லாதபோதே முன்னேறிவிட்ட வாராந்திரத் திட்டத்தில் இடமே இல்லை. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள், அதாவது உணவும் தங்குமிடமும் தந்து கற்பிக்கும் அரசுப் பள்ளிகள், இந்தச் சிக்கலுக்கு ஒரு பகுதித் தீர்வாயின. குழந்தை மலையிலேயே தங்க முடிந்தது. ஆயினும் வகுப்பறைக்குள் ஆட்சி செய்தது பழைய குறிப்பேடுதான்.

பள்ளிக்கும் வீட்டுக்கும் பொழுதைப் பிரித்துக்கொடுக்க அரசே ஒருமுறை முயன்றதுண்டு. 1953இல் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பள்ளிகளில் அரைநாள் பாடமும் மீதி அரைநாள் பெற்றோரின் தொழிலும் என்று வகுத்தது. குலத்தொழிலைப் பிள்ளையின் தலையில் கட்டும் 'குலக்கல்வி' என்று பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் கடுமையாக எதிர்க்க, 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. பாடக்குறிப்பின் வரலாற்று நோக்கில் இன்னொன்றும் தெரிகிறது: பள்ளியில் கழியும் அரைநாளுக்குக் கட்டம் கட்டிய திட்டம் இருக்க, வீட்டில் கழியும் அரைநாளுக்குப் பிறப்பைத் தவிர வேறெந்தத் திட்டமும் இல்லை.

மாற்றம் சிறு பள்ளிகளிலிருந்தே வந்தது. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி கிராமக் கல்வி மையத்தில், பத்மநாப ராவும் ரமாவும் 1980களின் இறுதியிலிருந்து ஓராசிரியர் பள்ளிகளுக்கென்றே பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, அவற்றைக் கற்றல் ஏணி எனும் படிவரிசையில் அடுக்கினர். பள்ளி முழுவதையும் ஒரு பெட்டியில் வைத்துக் கொடுப்பது போன்ற இந்த அமைப்பைக் கண்டு கர்நாடகத்தின் ஹெக்கடதேவன கோட்டை வட்டத்து ஆசிரியர்கள் 1995இல் 'நலி கலி' எனும் முறையை வளர்த்தனர். தமிழகத்தில், சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். மறு ஆண்டே அது மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் விரிந்தது. அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் பொறுப்பேற்ற பின் 2007இல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் சென்றது. சென்னைப் பள்ளிகளிலிருந்து மலைக்குச் சென்ற முறை என்று தோன்றினாலும், அதன் பிறப்பிடம் சிற்றூரின் பல்வகுப்பு அறை. எனவே கல்வராயனுக்கு அது தன் சொந்தச் சூழலுக்குத் திரும்பி வந்ததற்கு ஒப்பாகும்.

ஒரு செயல்வழி வகுப்பறையின் உள்ளமைப்பைப் பார்க்கவேண்டும். மேசை நாற்காலிகள் விலக்கப்பட்டுத் தரையில் பாய் விரிக்கப்பட்டிருக்கும். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கீழ்நிலைக் கரும்பலகை. அதில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இடம். தலைக்குமேல் கம்பிப் பந்தலில் குழந்தைகள் வரைந்தவையும் எழுதியவையும் தொங்கும். அலமாரியில் எண்ணிட்ட தட்டுகளில் அட்டைகள். சுவரில் ஒட்டிய ஏணியில் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும் குழந்தை, அங்குள்ள சின்னத்தையும் எண்ணையும் பார்த்து, அதே சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். அந்தச் சின்னம், இந்த வேலையை ஆசிரியரோடு செய்யவேண்டுமா, சக மாணவரோடு செய்யவேண்டுமா, தனியே செய்யவேண்டுமா என்பதையும் சொல்லிவிடும். அதற்கேற்ப முழு ஆசிரியர் குழு, பகுதி ஆசிரியர் குழு, முழு சக மாணவர் குழு, பகுதி சக மாணவர் குழு, தானே கற்றல் குழு, மதிப்பீட்டுக் குழு என ஆறில் ஒன்றில் போய் அமரும். ஏணியின் ஒரு கட்டமான மைல்கல்லின் எல்லா அட்டைகளையும் முடித்ததும் அடைவு அட்டவணையில் பதிவு ஏறும்.

பாடக்குறிப்பின் வரலாற்றில் இதன் இடம் பெரியது. ஆசிரியர் தினமும் எழுதவேண்டிய திட்டம் ஏற்கெனவே அட்டையிலும் ஏணியிலும் அமைந்திருந்தது. எந்த அட்டைக்கும் தேதி இல்லை. குடகிலிருந்து திரும்பிய குழந்தை, ஏணியில் தான் விட்ட படியைக் கண்டு அங்கிருந்து தொடர முடிந்தது. வயலிலிருந்து திரும்பிய திண்ணைப் பள்ளிப் பையன் விட்ட ஓலைக்கு வந்ததும் இப்படித்தான். ஒரே தட்டு அட்டைகள் பல ஆண்டுகள், பல குழந்தைகளுக்குப் பயன்பட்டன. புதிதாக மாறுதலாகி வரும் ஆசிரியரும் அடைவு அட்டவணையைப் பார்த்தே ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் அறியலாம். ஆசிரியர் அடிக்கடி மாறும் மலைப் பள்ளிகளுக்கு இது சிறு உதவியன்று.

குறைகளும் இருந்தன. அட்டைகள் தொலைந்தன, கிழிந்தன. ஓர் அட்டை காணாமற்போனால் ஏணியில் ஒரு படி உடைந்தது. எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே அட்டை என்றானபோது, மலைக் குழந்தை அறிந்த கடுக்காயும் சாமையும் மரவள்ளியும் அதில் இடம்பெறவில்லை. உள்ளூர் ஆசிரியர் தாமே அட்டை தயாரித்துச் சேர்க்க வழி இருந்தும், அவ்வாறு சேர்த்தவற்றை வட்டார வள மையத்தில் தொகுத்து மற்றப் பள்ளிகளுக்குக் கொடுக்கும் முறையான ஏற்பாடு வலுப்பெறவில்லை. இதனினும் பெரிய அடி பாடநூல் மாற்றத்தால் விழுந்தது. 2010இல் சமச்சீர் கல்வி தொடங்கியது. 2012இல் முப்பருவ முறை, அதாவது ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரித்துப் பருவத்துக்கொரு நூல் தரும் முறை வந்தது. 2018 முதல் மீண்டும் புதிய நூல்கள் வந்தன. நூல் மாறும்தோறும் அட்டைகள் அதற்குப் பொருந்தாமற்போக, பருவத்தின் பெயரில் நாட்காட்டி திரும்ப வந்தது. பயன்பாட்டில் தேய்ந்து முடியவேண்டிய அட்டைகள் அலமாரியில் பழசாகிப்போனது வருந்தத்தக்க இழப்பு.

இதற்கிடையே வேறொரு நாட்டில், வேறொரு காரணத்துக்காக, இதே சிக்கலுக்குக் கணினியில் விடை தேடப்பட்டது. அமெரிக்காவில் 1993க்குள் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி ஏற்கப்பட்ட பின்னர், இரண்டு மூன்று வயது வேறுபாட்டில் உள்ள தம் பிள்ளைகளுக்குத் தாமே கற்பிக்கும் பெற்றோர், மூத்த பிள்ளைக்கு எழுதிய திட்டத்தை இளைய பிள்ளைக்கு எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்வியைச் சந்தித்தனர். அவர்களுக்கென உருவான திட்டமிடல் மென்பொருள்கள் கண்ட வழி, பாடத்தையும் தேதியையும் தனித்தனியே சேமிப்பதுதான். பாடங்கள் தேதியில்லா வரிசையாக ஓரிடத்தில் இருக்கும். ஒரு பிள்ளைக்குத் தொடங்கும் நாளைக் கொடுத்தால் நாட்காட்டியில் பரவும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மீதிப் பாடங்கள் தாமே தள்ளிப்போகும். அடுத்த பிள்ளைக்கு அதே வரிசை புதிய தேதிகளோடு எழும். பல வயதுப் பிள்ளைகளை ஒருவரே ஒரே கூரையின்கீழ் கற்பிக்கும் அந்த வீடு, அமைப்பில் ஓராசிரியர் பள்ளியேதான்.

இந்தியாவில் 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாக வீட்டிலிருந்தே தேர்வெழுதுவோர் உண்டு; மலைக் கிராமங்களில் அத்தகைய வீட்டுக்கல்வி அரிது. அங்கே கல்வி வீட்டுவாசலுக்கு வந்தது வேறு விதத்தில். கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஊரிலேயே வாழும் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே சுமார் 20 குழந்தைகளைத் தம் வீட்டிலோ அருகிலோ அமர்த்திக் கற்பித்தனர். திண்ணை மீண்டும் வகுப்பறையாயிற்று. இம்முறை கற்பிப்பவர் பெண், அமர்ந்திருப்போரில் பெண் குழந்தைகளும் எல்லாச் சாதியினரும் உண்டு என்பது 1822க்கும் 2021க்கும் இடையே தமிழகம் ஈட்டிய பெரும் பேறு.

2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், பெருந்தொற்றில் இழந்ததை மீட்க, தொடக்கத்தில் முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளையும் பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்பினரையும் வகுப்பால் அன்றிக் கற்றல் நிலையால் பிரித்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று அந்நிலைகளுக்குப் பெயர். ஆசிரியர் கையேடு ஒவ்வொரு நிலைக்கும் உரிய செயல்பாடுகளை விரித்துரைக்க, மதிப்பீடு கைப்பேசிச் செயலியின் வழியே பதிவாகிறது. ஏணியின் கருத்து இவ்வாறு மீண்டும் உயிர்பெற்றது. அதே வேளையில் கையேடு பருவம், வாரம் என்ற வரிசையிலேயே செல்வதால் ஏணியும் நாட்காட்டியும் இப்போது ஒரே நூலுக்குள் இருக்கின்றன.

செயலியில் ஏறுவதும் ஏறாததும் எவை என்று பார்ப்பது இங்கே இன்றியமையாதது. குழந்தையின் வருகை ஏறுகிறது, மதிப்பெண் ஏறுகிறது, நிலை ஏறுகிறது. கையேட்டிலுள்ள ஒரு செயல்பாடு சேராப்பட்டுக் குழந்தைகளிடம் எடுபடாதபோது ஆசிரியர் அதை மாற்றி, மலையில் கிடைக்கும் விதைகளைக் கொண்டு நடத்தி வெற்றி கண்டால், அந்த மாற்றத்தைச் சேமித்து வைக்க உரிய இடம் அமையவில்லை. கைப்பேசி இணைப்பு சீராக இல்லாத மலைக் கிராமங்களில் பதிவேற்றத்துக்கே சிரமப்படும் ஆசிரியரிடம் கூடுதல் எழுத்துவேலையைச் சுமத்துவதும் முறையன்று. செய்யத்தக்கது எளியது: மலைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடும் குறுவள மையத்தில், தேதியில்லாமல் நிலைவாரியாக அடுக்கிய ஒரு கையேட்டுப் படி இருக்கவேண்டும், எந்தச் செயல்பாடு எங்கே எப்படி மாற்றப்பட்டது என்பதை அதன் ஓரத்தில் எழுதிவைத்து, மாறுதலாகி வரும் ஆசிரியர் பொறுப்பேற்கும் நாளிலேயே அதைக் கையில் பெறவேண்டும். 2019க்குப் பின் கள்ளக்குறிச்சிக்கெனத் தனிக் கல்வி நிர்வாகம் அமைந்துவிட்டது. அந்தப் படியைத் தொகுக்கும் வேலையை அது வெள்ளிமலையிலிருந்தே தொடங்கலாம்.